வயது வரம்பு வேலைக்கா, ஆளுக்கா?

புணே நகரின் தென்மேற்கே கடக்வாஸ்லா ஏரியை ஒட்டியிருக்கும் தேசியப் பாதுகாப்பு அகாதெமியில் சேர வேண்டுமானால் வயது பதினாறரைக்குக் குறையக் கூடாது, பத்தொன்பதரையைத் தாண்டவும் கூடாது. இருபது வயது ஆனவர் எத்தனை மைல் ஓடிக் காட்டினாலும் அந்த வாசல் திறக்காது. இதை யாரும் வயதுப் பாகுபாடு என்று சொல்வதில்லை, சொல்லவும் தேவையில்லை. அங்கே மூன்று ஆண்டுகளும், பிறகு அந்தந்தப் படையின் பயிற்சிக் கழகத்தில் ஏறத்தாழ ஓராண்டும் பயின்று வெளிவரும் இளைஞர், இருபத்திரண்டு வயதை ஒட்டிச் சுமார் முப்பது ஜவான்களை வழிநடத்தியாக வேண்டும். வரம்புக்குக் காரணம் இருக்கிறது. அது எல்லோருக்கும் தெரிந்த காரணம். படையின் மறுவாசலில் நடப்பதைத்தான் நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. அக்னிபத் திட்டத்துக்கு முன் சேர்ந்த ஒரு சிப்பாய், பதவி உயர்வு கிடைக்காவிட்டால் 17 முதல் 19 ஆண்டுகளில் வெளியே வந்துவிடுவார். பதினெட்டு, பத்தொன்பது வயதில் சேர்ந்தவருக்கு அப்போது முப்பதுகளின் பிற்பாதி. ஹவில்தார் வரை உயர்ந்தவர் நாற்பதுகளின் நடுவில் வெளியேறுவார். படை அவர்களை விடுவிப்பதற்கும் காரணம் உண்டு. ஆனால், மலையேறிப் போரிடுவதற்கு வயதாகிவிட்டது என்ற அந்த ஒரு காரணத்தை வைத்துக்கொண்டு, வேறு எல்லா வேலைக்கும் அவருக்கு வயதாகிவிட்டதுபோல் நாடு நடந்துகொள்வதற்கு எந்தக் காரணமும் கிடையாது. வயது வரம்பு என்பது ஒரு வேலைக்கு விதிக்கப்படுவது. அதைக் கழற்றி ஆளின் நெற்றியில் ஒட்டும்போதுதான் அது பாகுபாடாகிறது.

இந்த வேறுபாட்டை மிகத் துல்லியமாகக் கடைப்பிடிக்கும் அமைப்பு ராணுவமே என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். படையில் ஓய்வு வயது என்று ஒற்றை எண் கிடையாது. சிப்பாய்க்கு முப்பதுகளில் முடியும் பணி, கர்னலுக்கு 54 வயதிலும், பிரிகேடியருக்கு 56இலும், மேஜர் ஜெனரலுக்கு 58இலும், லெப்டினன்ட் ஜெனரலுக்கு 60இலும் முடிகிறது. தரைப்படைத் தலைமைத் தளபதி 62 வயது வரையோ மூன்றாண்டுகள் வரையோ, எது முந்துகிறதோ அதுவரை இருக்கலாம். முப்படைத் தலைமைத் தளபதிக்கு வரம்பு 65. பதவி ஏற ஏற, கால்களின் வலுவுக்கு இருக்கும் மதிப்பு குறைந்து, பார்த்துப் பழகிய கண்ணின் மதிப்பு கூடுகிறது. வரம்பும் அதற்கேற்பத் தள்ளிப்போகிறது. கடக்வாஸ்லாவில் பயின்ற ஜெனரல் அனில் சௌகான் 2021இல் லெப்டினன்ட் ஜெனரலாக ஓய்வுபெற்றவர். அடுத்த ஆண்டு அரசு விதிகளைத் திருத்தியது. 62 வயதுக்குட்பட்ட ஓய்வுபெற்ற அதிகாரிகளையும் முப்படைத் தலைமைத் தளபதியாக நியமிக்க வழி பிறந்தது. 2022 செப்டம்பரில் அவரே அப்பொறுப்பை ஏற்றார். அனுபவம் தேவைப்பட்டபோது, வீட்டுக்குப் போனவரை அழைத்துவர விதியையே மாற்ற அரசால் முடிந்தது. உச்சியில் இருப்பவருக்குப் பொருந்திய இந்த நியாயம் அடியில் இருப்பவரிடம் வரும்போது காணாமல் போகிறது.

அடியில் இருப்பவரின் அனுபவம் சிறியதா என்றால், அகாதெமியின் அணிவகுப்பு மைதானமே அதற்கு விடை சொல்லும். வருங்காலத் தளபதிகளுக்கு நிற்கவும் நடக்கவும் ஆயுதம் ஏந்தவும் கற்றுத்தருபவர்கள் 'உஸ்தாத்' என்று அழைக்கப்படும் ஹவில்தார்களும் சுபேதார்களும். பயிற்சி முடித்துப் படைப்பிரிவுக்குப் போகும் இளம் லெப்டினன்ட்டின் அருகிலும் இருபதாண்டு அனுபவமுள்ள ஒரு சுபேதார் இருப்பார். கட்டளை இளையவருடையது; ஆட்களையும் நிலத்தையும் அறிந்த யோசனை மூத்தவருடையது. இளமையையும் அனுபவத்தையும் எதிரெதிரே நிறுத்தாமல் ஒரே அணியில் கோப்பதுதான் இந்த ஏற்பாட்டின் சாரம். ஒரு நிறுவனம் தன் வருங்காலத் தலைவர்களை யாரிடம் ஒப்படைக்கிறதோ அவர்களை அது மதிக்கிறது என்று பொருள். அதே உஸ்தாத் சில ஆண்டுகளில் சீருடையைக் கழற்றிவிட்டு வேலை தேடும்போது, நூற்றுக்கணக்கான இளைஞர்களைப் பயிற்றுவித்த அவரது திறமைக்கு எந்த நேர்காணலிலும் மதிப்பெண் இல்லை. அவருடைய பிறந்த ஆண்டுக்குத்தான் இருக்கிறது.

படை இளமையாக இருக்க வேண்டும் என்பதில் வாதத்துக்கு இடமில்லை. 1999 கார்கில் போரில் பதினாறாயிரம், பதினெட்டாயிரம் அடி உயரச் சிகரங்களைச் செங்குத்தாக ஏறிப் பிடிக்க வேண்டியிருந்தது. போருக்குப் பின், திருச்சிராப்பள்ளியில் பிறந்த பாதுகாப்பு அறிஞர் கே. சுப்பிரமணியம் தலைமையில் அமைந்த ஆய்வுக் குழு, படை எப்போதும் இளமையும் உடல்தகுதியும் கொண்டதாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. அடுத்து வந்த அஜய் விக்ரம் சிங் குழு, நாற்பதைத் தாண்டியிருந்த பட்டாலியன் தளபதிகளின் வயதை முப்பதுகளின் இறுதிக்குக் கொண்டுவர வழி சொன்னது. வயதுப் பாகுபாட்டுக்கு எதிராகக் கடுமையான சட்டம் இயற்றிய நாடுகளும் இதை ஏற்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2000இல் கொண்டுவந்த வேலைவாய்ப்புச் சமத்துவ ஆணை, வயது தொடர்பான விதிகளிலிருந்து படைகளுக்கு விலக்களிக்க உறுப்பு நாடுகளை அனுமதிக்கிறது. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்திலும் படைப் பணிக்கு அப்படியொரு விலக்கு உண்டு. இந்த விலக்கின் உட்பொருளைக் கவனிக்க வேண்டும். படைக்கு மட்டும் விலக்கு தேவைப்படுகிறது என்றால், மற்ற இடங்களில் வயதைக் காட்டி ஒருவரை ஒதுக்குவதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும் என்பதே அங்கே பொதுவிதி.

சுப்பிரமணியம் குழுவின் பரிந்துரையை இந்தியா பாதியில் கிழித்துக்கொண்டது. 1976 முதல் 17 ஆண்டுகளாக இருந்த ஜவானின் பணிக்காலத்தை ஏழு முதல் பத்து ஆண்டுகளாகக் குறைக்கலாம் என்று சொன்ன அந்தக் குழு, அதே மூச்சில், அப்படி விடுவிக்கப்படுபவர்களைத் துணை ராணுவப் படைகளில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. படைக்கு இளமை, காவல் படைகளுக்குப் பயிற்சி பெற்ற ஆட்கள், கருவூலத்துக்கு ஓய்வூதியச் சுமைக் குறைவு என்று மூன்று ஆதாயங்களைக் கொண்ட யோசனை அது. 2008இல் நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான ஆறாவது ஊதியக் குழுவும் இதையே விரிவாக வற்புறுத்தியது. நடக்கவில்லை. காவல் படைகளுக்கும் இளைஞர்கள்தான் வேண்டும், முப்பதைத் தாண்டியவர்களை வாங்கிக்கொண்டே இருந்தால் எங்கள் சராசரி வயது கூடிவிடும் என்பது எதிர்ப்பின் மையம். ஆனால் அதே மத்திய ஆயுதக் காவல் படைகளில், டெல்லி உயர் நீதிமன்றத்தின் 2019 ஜனவரி தீர்ப்பைத் தொடர்ந்து, அவ்வாண்டு ஆகஸ்ட் முதல் கான்ஸ்டபிள் தொடங்கி எல்லா நிலையினருக்கும் ஓய்வு வயது 60. லடாக் எல்லையில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் கான்ஸ்டபிளும் நிற்கிறார், தரைப்படையின் சிப்பாயும் நிற்கிறார். குளிரும் உயரமும் இருவருக்கும் ஒன்றே. ஒருவர் 60 வரை பணியில் இருப்பார். இன்னொருவர் நாற்பதுக்கு முன்பே வீட்டுக்கு. ஐம்பது வயதுக் கான்ஸ்டபிளுக்குத் தகுந்த பணியிடத்தை அந்தப் படையால் கண்டுபிடிக்க முடிகிறது என்றால், முப்பத்தெட்டு வயது முன்னாள் சிப்பாய்க்கு முடியாது என்பதில் உடலியல் எதுவும் இல்லை. துறைகளுக்கிடையே உள்ள சுவர்தான் இருக்கிறது.

ஆண்டுதோறும் முப்படைகளிலிருந்தும் வெளிவருவோர் ஏறத்தாழ 60,000 பேர். பெரும்பாலோர் முப்பத்தைந்துக்கும் நாற்பத்தைந்துக்கும் இடைப்பட்டவர்கள். இவர்களுக்காக மத்திய அரசின் நேரடி நியமனங்களில் சி பிரிவில் 10 சதவீதமும் டி பிரிவில் 20 சதவீதமும் ஒதுக்கீடு உள்ளது. பொதுத் துறை நிறுவனங்களிலும் வங்கிகளிலும் இது முறையே 14.5, 24.5 சதவீதம். காகிதத்தில் கணிசமான எண்கள். பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்குநரகம் 2021 ஜூன் வரை திரட்டிய விவரங்கள் வேறு கதை சொல்கின்றன. மத்தியத் துறைகளில் சி பிரிவில் முன்னாள் படைவீரர்கள் 1.29 சதவீதம், டி பிரிவில் 2.66 சதவீதம். மத்தியப் பொதுத் துறை நிறுவனங்களில் சி பிரிவில் 1.15 சதவீதம். அவர்களை இயல்பாகவே வரவேற்றிருக்க வேண்டிய மத்திய ஆயுதக் காவல் படைகளின் சி பிரிவில் அரை சதவீதம்கூட இல்லை. விதிவிலக்கு பொதுத் துறை வங்கிகள்: அங்கே சி பிரிவில் 9.10 சதவீதம், டி பிரிவில் 21.34 சதவீதம். அரசு வங்கிகள் இவர்களைத் தேடிப் பிடித்து எடுக்க முடிந்திருக்கிறது என்பது பாராட்டுக்குரியது. அதே நேரத்தில், அந்தப் பெரிய எண் கடைநிலைப் பிரிவில் இருப்பதும், முன்னாள் ராணுவத்தினரை வங்கிகள் துப்பாக்கி ஏந்திய காவலர்களாக எடுப்பது நெடுநாள் வழக்கம் என்பதும் தற்செயலாகச் சேர்ந்தவையாகத் தெரியவில்லை.

மிலிட்டரிக்காரர் என்றால் வாசலில் நிறுத்தலாம் என்பதுதான் நம் கற்பனையின் எல்லை. தனியார் பாதுகாப்பு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், காவலாளி வேலைக்கு முன்னாள் படைவீரர்களுக்கு முன்னுரிமை தரலாம் என்கிறது. தமிழ்நாடு அரசு 1986இல் தொடங்கிய டெக்ஸ்கோ, புணேயைத் தலைமையிடமாகக் கொண்ட மகாராஷ்டிரத்தின் மெஸ்கோ ஆகிய கழகங்கள் ஆயிரக்கணக்கானோருக்கு வாழ்வளிக்கின்றன. அவற்றின் வழியே கிடைப்பதும் பெரும்பாலும் காவல் பணியே. ராணுவமே மறுபடி வேலைக்கு எடுக்கும் பாதுகாப்புக் காவல் படையின் வேலையும் நிலையங்களைக் காப்பதுதான். காவல் பணியில் எந்த இழிவும் இல்லை. ஆனால் வெளிவருபவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். மின்னணு, இயந்திரப் பொறியியல் பிரிவில் டாங்கி எஞ்சினைப் பிரித்துக் கோத்தவர், சிக்னல் பிரிவில் தகவல் தொடர்புக் கட்டமைப்பைப் பராமரித்தவர், மதராஸ் சாப்பர்ஸ் பிரிவில் ஆற்றின் குறுக்கே இரவோடிரவாகப் பாலம் போட்டவர், விநியோகப் பிரிவில் பனிமலைக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் தவறாமல் போய்ச் சேரக் கணக்கு வைத்தவர், களத்தில் முதலுதவி செய்த மருத்துவ உதவியாளர். இவர்கள் எல்லோரையும் ஒரே சீருடையில் ஒரே கேட்டில் நிறுத்துவது, பல தொழில் கற்ற ஒரு கூட்டத்தின் கையிலிருந்து கருவிகளைப் பிடுங்கிக்கொண்டு ஆளுக்கொரு விசிலைக் கொடுப்பதற்குச் சமம்.

இது முன்னாள் ராணுவத்தினருக்கு மட்டும் நேர்வது என்றால் தனிக் குறையாகப் பேசி முடித்துவிடலாம். அவர்கள் மோதிக்கொள்ளும் சுவர் நாற்பதைத் தாண்டிய எல்லோர் முன்னாலும் நிற்கிறது. '35 வயதுக்குட்பட்டோர் மட்டும் விண்ணப்பிக்கவும்' என்ற வரி கணக்கர் வேலை விளம்பரத்திலும் வருகிறது, விற்பனைப் பிரதிநிதி விளம்பரத்திலும் வருகிறது. ஏன் 35 என்று கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. சொல்ல வேண்டிய கட்டாயத்தைச் சட்டமும் விதிக்கவில்லை. நம் அரசமைப்பின் 15, 16ஆம் கூறுகள் மதம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம் போன்றவற்றின் பெயரால் பாகுபாடு கூடாது என்கின்றன. அந்தப் பட்டியலில் வயது இல்லை. அமெரிக்காவில் நாற்பது வயதைக் கடந்தவர்களை வேலையில் பாகுபடுத்தத் தடை விதிக்கும் சட்டம் 1967இலேயே வந்துவிட்டது. நம் நீதிமன்றங்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் 35 வயதில் ஓய்வுபெற வேண்டும், 45 வரை நீட்டிப்பதா என்பது நிர்வாக இயக்குநரின் விருப்பம் என்றிருந்த விதி, 1981இல் நர்கேஷ் மீர்சா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. அந்தக் கட்டற்ற விருப்ப அதிகாரத்தை நீதிமன்றம் ரத்து செய்தது. காரணம் சொல்லாமல் வயதைக் காட்டும் அதிகாரம் செல்லாது என்ற அந்த விதை, நாற்பதாண்டுக்கு மேலாகியும் பொதுச் சட்டமாக முளைக்கவில்லை.

வயது கூடினால் வேலைத் திறன் குறையும் என்பது, பலரும் சரிபார்க்காமல் நம்பும் ஒன்று. சரிபார்த்தவர்கள் கண்டது வேறு. ஜெர்மனியில் ஒரு லாரி உற்பத்தி ஆலையின் கோப்பு வரிசையில் நிகழ்ந்த பிழைகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து ஆக்ஸல் போர்ஷ்-சூபான், மத்தியாஸ் வைஸ் ஆகிய பொருளியலாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு, குறைந்தது 60 வயது வரை உற்பத்தித் திறன் சரிவதில்லை என்று காட்டியது. மூத்தவர்கள் சிறு பிழைகள் சிலவற்றைச் செய்தாலும், பெருஞ்சேதம் விளைவிக்கும் பிழைகளை அரிதாகவே செய்தார்கள். நெருக்கடியில் எதைச் செய்யக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்நாட்டின் டிங்கோல்ஃபிங் ஊரிலுள்ள பி.எம்.டபிள்யூ. ஆலை 2007இல் இன்னொரு சோதனை செய்தது. சராசரி வயது 47 இருக்கும்படி ஒரு வரிசைக்கு ஆட்களை அமைத்து, மரத் தளம், உட்கார்ந்து வேலைபார்க்க நாற்காலி, உருப்பெருக்கிக் கண்ணாடி என்று எழுபது சிறு மாற்றங்களைத் தொழிலாளர்களிடமே கேட்டுச் செய்தார்கள். மொத்தச் செலவு சுமார் 40,000 யூரோ. ஓராண்டில் உற்பத்தித் திறன் 7 சதவீதம் உயர்ந்தது. இரண்டும் உடலுழைப்பு மிகுந்த ஆலைகள் என்பதை மறக்கக் கூடாது. அங்கேயே இப்படி என்றால், மேசை வேலைக்கும் மேற்பார்வைக்கும் முப்பத்தைந்தை வரம்பாக்குவது வெறும் பழக்கதோஷம்.

வயதையும் உடல்தகுதியையும் எப்படிச் சேர்த்து எடைபோட வேண்டும் என்பதற்கு ராணுவ வழக்கு ஒன்றே நல்ல முன்மாதிரி தந்திருக்கிறது. பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி மறுக்கக் கூடாது என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பபிதா புனியா வழக்கில் தீர்ப்பளித்தது. அதன்பின், நாற்பதுகளில் இருந்த அதிகாரிகளையும் உயர்ந்தபட்ச மருத்துவத் தகுதிக்கு உட்படுத்தி ராணுவம் பலரை ஒதுக்கியது. அதே தகுதிக்கு ஆண் அதிகாரிகள் சோதிக்கப்பட்டதோ, பணியில் சேர்ந்த ஐந்தாம் அல்லது பத்தாம் ஆண்டில், அதாவது இளமையில். அதற்குப் பிறகு நாற்பதுகளில் அந்தத் தகுதியைக் கட்டிக்காக்க வேண்டும் என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. 2021 மார்ச்சில் நிதிஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மறைமுகப் பாகுபாடு என்று வரையறுத்தது. விதி பார்வைக்கு எல்லோருக்கும் பொதுவாக இருந்தாலும், ஒரு வயதில் கேட்க வேண்டியதை இன்னொரு வயதில் கேட்டால் அது அநீதியாகிவிடும் என்பதே அதன் சாரம். அதே ஆண்டு நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் கடக்வாஸ்லாவின் வாசல் பெண்களுக்குத் திறந்தது. 2025 மே 30 அன்று 17 பெண்கள் அங்கே முதன்முறையாகப் பயிற்சி முடித்து அணிவகுத்தார்கள். உடல்தகுதி வேண்டும் என்ற வாதத்தை நிதிஷா தீர்ப்பு மறுக்கவில்லை. எந்த வேலைக்கு, எந்த வயதில், எவ்வளவு தகுதி என்று கணக்குச் சொல் என்றது. அந்தக் கேள்வியைச் சீருடைக்கு வெளியேயும் கேட்க வேண்டும்.

இனி மறுப்புகளைப் பார்க்கலாம். முதல் மறுப்பு பணத்தைப் பற்றியது: ஓய்வூதியம் வாங்குகிறவருக்கு எதற்கு இன்னொரு வேலை என்பது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்புக்கு ஒதுக்கப்பட்ட 6.81 லட்சம் கோடி ரூபாயில் ஏறத்தாழ 1.60 லட்சம் கோடி ஓய்வூதியத்துக்குப் போகிறது. பெரிய தொகைதான். ஆனால் முப்பத்தெட்டு வயதில் தொடங்கும் ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் பாதி. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயது, பெற்றோர் மருத்துவமனைக்குப் போகும் வயது, வீட்டுக்கடன் கட்டும் வயது அது. வேறு எந்த அரசு ஊழியரையும் அந்த வயதில் பாதிச் சம்பளத்தில் அனுப்புவதில்லை. தவிர, இந்த மறுப்பு உண்மையில் என் வாதத்துக்கே வலுச்சேர்க்கிறது. உழைக்கும் வலுவுள்ள ஒருவருக்கு நாற்பதாண்டுகள் ஓய்வூதியம் கொடுத்துக்கொண்டு, அவர் கற்ற தொழிலை மட்டும் வேண்டாம் என்று சொல்வதுதான் ஊதாரித்தனம். அவரைக் காவல் படைக்கோ ரயில்வேக்கோ மின்வாரியத்துக்கோ பணித் தொடர்ச்சியோடு மாற்றினால், ஓய்வூதியம் தொடங்கும் நாளே இருபதாண்டு தள்ளிப்போகும். கார்கில் குழுவும் ஊதியக் குழுவும் கணக்குப் போட்டது இதைத்தான்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது: படித்துவிட்டு வேலையில்லாமல் நிற்கும் இளைஞர்களின் இடத்தை மூத்தவர்கள் அடைத்துக்கொள்ளலாமா? கொரோனா கால நிதி நெருக்கடியில் தமிழ்நாடு அரசு ஓய்வு வயதை 58இலிருந்து 2020இல் 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்த்தியபோது, தேர்வெழுதிக் காத்திருந்தவர்களிடம் எழுந்த கோபத்தில் நியாயம் இருந்தது. வேலைக்கும் தேவைக்கும் தொடர்பில்லாமல் எல்லோருக்கும் ஒரே எண்ணை மாற்றுவதும், காரணம் சொல்லாத வயது வரம்புதான். நான் கேட்பது அது போன்ற மொத்த நீட்டிப்பை அன்று. அதே சமயம், வேலைகளின் எண்ணிக்கை மாறாது, ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் உட்கார முடியும் என்ற நம்பிக்கையும் ஆராய்ச்சியில் நிற்கவில்லை. ஜோனதன் க்ரூபர், டேவிட் வைஸ் ஆகியோர் தொகுத்து 2010இல் வெளிவந்த பன்னிரண்டு நாடுகளின் ஆய்வில், மூத்தோர் வேலையில் நீடித்ததால் இளைஞர் வேலைவாய்ப்பு குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. சம்பளம் வாங்குகிற மூத்தவர் செலவழிக்கிறார், கற்றுத்தருகிறார், புதிதாகத் தொழில் தொடங்கினால் ஆள் எடுக்கிறார். தமிழக அரசு 2024 சுதந்திர தினத்தன்று அறிவித்த 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம், முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு கோடி ரூபாய் வரை கடனும் 30 சதவீத மானியமும் தந்து தொழில்முனைவோராக்க முயல்வது இந்த நம்பிக்கையில்தான். இன்றைய இளைஞரும் நாற்பதைத் தொடப்போகிறவர் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தோர் 2021இல் மக்கள்தொகையில் 13.6 சதவீதம், 2031இல் 18 சதவீதத்தைத் தாண்டுவார்கள் என்பது அரசின் மதிப்பீடு. நாற்பதிலேயே ஆட்களை ஒதுக்கும் பொருளாதாரத்தால் அந்தச் சுமையைத் தாங்க முடியாது.

மூன்றாவது மறுப்பு முதலாளிகள் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவது: ராணுவத்திலிருந்து வருகிறவர்கள் கட்டளைக்குப் பழகியவர்கள், அலுவலகத்தின் நெளிவுசுளிவு தெரியாது, புதிய மென்பொருளைக் கற்க மாட்டார்கள். சிலருக்கு இது பொருந்தலாம். ஆனால் ஒரு ஜவானின் பணிவாழ்க்கை முழுவதும் கற்றலாகவே இருக்கிறது. ஒவ்வொரு பதவி உயர்வுக்கும் பயிற்சி வகுப்பும் தேர்வும் உண்டு. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய ஊர், புதிய மொழி, புதிய கருவி. வேலூர் மாவட்டக் கம்மவான்பேட்டையிலிருந்து போய் இந்தியில் வேலை கற்று, நாகாலாந்திலும் காஷ்மீரிலும் பணிபுரிந்து திரும்பும் ஒருவரைப் புதியதைக் கற்க முடியாதவர் என்பது விந்தை. நான்காவது மறுப்பு அரசுத் துறைகளுடையது: ஒதுக்கீடு இருக்கிறது, தகுதியானவர்கள் வருவதில்லை. இதில் பாதி உண்மை. பத்தாம் வகுப்பு முடித்து 15 ஆண்டுப் பணியும் ராணுவக் கல்விச் சான்றிதழும் உள்ளவரை, தொழில்நுட்பத் தகுதி கேட்காத பணிகளுக்குப் பட்டதாரிக்கு இணையாகக் கருதலாம் என்று மத்திய அரசின் விதியே சொல்கிறது. ஆனால் தொழில்நுட்ப வேலைக்கு ஐ.டி.ஐ. சான்றிதழ் கேட்கிறார்கள், பதினெட்டு ஆண்டு எஞ்சின் பிரித்தவரிடம் அது இருப்பதில்லை. போட்டித் தேர்வோ, கல்லூரியை விட்டு நேற்று வந்தவரின் மனப்பாடத் திறனை அளப்பது. வயதுத் தளர்வு கொடுத்துவிட்டு, இருபத்திரண்டு வயதுக்காரருக்கென வடிவமைத்த தேர்வை வைத்தால், முன்வாசலைத் திறந்து உள்வாசலைப் பூட்டியதாகத்தான் ஆகும். நிதிஷா தீர்ப்பு சுட்டிக்காட்டிய மறைமுகப் பாகுபாடு இதுவேதான்.

அக்னிபத் திட்டம் இந்தக் கேள்வியைத் தீர்த்துவிட்டது என்று நினைப்போரும் உண்டு. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அத்திட்டப்படி நான்காண்டு முடிவில் நான்கில் ஒருவர் மட்டுமே நிரந்தரமாகத் தொடர்வார். மற்றவர்கள் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாயுடன் இருபத்தைந்து வயதுக்குள் வெளியேறுவார்கள். வெளியேறும் வயது குறைந்தால் வேலை கிடைப்பது எளிதாகும் என்பது கணக்கு. சிக்கலை வயதின் பக்கமிருந்து சமாளிக்கப் பார்க்கிறது இது. ஒருவர் கற்றுக்கொண்டதற்கு வெளியுலகில் என்ன மதிப்பு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கு விடை காணாவிட்டால், நேற்று முப்பத்தெட்டு வயதில் கேட்டில் நின்றவருக்குப் பதில் நாளை இருபத்தைந்து வயதில் ஒருவர் நிற்பார். ஓய்வூதியமும் இல்லாமல் நிற்பார். முதல் அணியினரின் நான்காண்டு 2026-27இல் நிறைவடைகிறது.

செய்ய வேண்டியவை புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியவை அல்ல. கார்கில் குழு சொன்ன பக்கவாட்டு மாற்றத்தைப் பணித் தொடர்ச்சி, சம்பளப் பாதுகாப்புடன் காவல் படைகளில் தொடங்கித் தொழில்நுட்பத் துறைகள்வரை நடைமுறைப்படுத்த வேண்டும். படையில் கற்ற ஒவ்வொரு தொழிலுக்கும் ஐ.டி.ஐ., டிப்ளமோ ஆகியவற்றுக்கு இணையான சான்றிதழ், விடுவிப்பு ஆணையோடு கைக்கு வர வேண்டும். ஒதுக்கீட்டு இடங்களுக்கு மனப்பாடத் தேர்வை விடுத்துச் செய்முறைத் தேர்வு வைக்க வேண்டும். நிரப்பாத துறைகள் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் காரணம் கூற வேண்டும். இவை படைவீரர்களுக்கு. எல்லோருக்குமாக ஒரே ஒரு சட்டவிதி போதும்: அரசோ தனியாரோ, வேலைக்கு வயது வரம்பு விதிப்பவர் அந்த வேலைக்கு அந்த வரம்பு ஏன் என்று எழுத்தில் சொல்ல வேண்டும், சொன்ன காரணம் நிற்காவிட்டால் வரம்பும் நிற்கக் கூடாது. தேசியப் பாதுகாப்பு அகாதெமி அந்தச் சோதனையில் எளிதாகத் தேறிவிடும். கணக்கர் வேலைக்கு 35 என்று விளம்பரம் தருகிறவர் தேற மாட்டார். நாட்டிலேயே மிகக் கடுமையான வயது வரம்பை வைத்திருக்கும் நிறுவனத்தால் அதற்குக் காரணம் சொல்ல முடிகிறதென்றால், மற்றவர்களிடம் அதைக் கேட்பது பெரிய கோரிக்கை இல்லை.